ஏசி திடீர்னு மக்கர் பண்ணுதா? இதெல்லாம் தெரியுமா உங்களுக்கு?

உலகின் முதல் நவீன ஏசி மனிதர்களுக்காகச் செய்யப்பட்டதே இல்லை, தெரியுமா? காகிதத்துக்காக! ஆண்டு 1902. நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகம். வண்ணப்படம் அச்சிட ஒரே தாளை ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தடவை மெஷினுக்குள் விடவேண்டும். கோடைப் புழுக்கத்தில் தாள் ஈரத்தை உறிஞ்சி மயிரிழை அளவு நீண்டுவிடும். அடுத்த நிறம் தள்ளி விழும். படத்திலிருக்கும் பெண்ணின் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் போய் உட்காரும்! இந்தத் தலைவலியைத் தீர்க்க வில்லிஸ் கேரியர் என்ற 25 வயது இன்ஜினீயர் போட்ட திட்டத்தின் வாரிசுதான் உங்கள் படுக்கையறைச் சுவரில் தொங்குகிறது. அவர் விரட்ட நினைத்தது சூட்டை அல்ல, ஈரத்தை!

சென்னையில் கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிற மே மாதத்தில், ஏசி "டொக்" என்று நின்றுபோகும்போது இந்தக் கதை எதற்கு? காரணம் இருக்கிறது. ஏசி குளிரை உற்பத்தி செய்வதே இல்லை! அறைக்குள் இருக்கும் சூட்டையும் ஈரத்தையும் அள்ளிக்கொண்டு போய் வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். உள்ளே அள்ள முடியவில்லையா, வெளியே கொட்ட முடியவில்லையா, சூட்டைச் சுமக்கும் கேஸ் இல்லையா, ஓட்டுகிற கரண்ட் சரியில்லையா? ஏசி ரிப்பேர்களில் பெரும்பாலானவை இந்த நாலு கேள்விக்குள் அடங்கிவிடும். மெக்கானிக்குக்கு போன் போடுவதற்கு முன்பே இதில் பாதியை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்!

எவ்வளவு அள்ளுகிறது என்று கேட்டால் மயக்கமே வரும். "ஒன்றரை டன் ஏசி" என்கிறோமே, அது மெஷினின் எடை இல்லை. 24 மணி நேரத்தில் ஒன்றரை டன் பனிக்கட்டியை உருக்குவதற்கு எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அவ்வளவு வெப்பத்தை அறையிலிருந்து வெளியேற்றும் திறன்! அமெரிக்க டன் கணக்கு. நம் கணக்கில் சுமார் 1,360 கிலோ ஐஸ். ஐஸ் என்றதும் ஒரு கதை: மெரினாவில் விவேகானந்தர் இல்லம் என்று இன்று நிற்கும் கட்டடம் ஒரு காலத்தில் ஐஸ் ஹவுஸ். அமெரிக்க ஏரிகளில் அறுத்தெடுத்த பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து அங்கேதான் சேமித்தார்கள். இந்தத் தொழிலைத் தொடங்கிய பிரெடரிக் டியூடர் 1833-இல் கல்கத்தாவுக்கு முதல் சரக்கை அனுப்பியபோது ஏற்றியது 180 டன், போய்ச் சேர்ந்தது சுமார் 100 டன். மீதியைக் கடல் குடித்துவிட்டது! அப்படி மாதக்கணக்கில் கப்பலேறி வந்த குளிர்ச்சியை இன்று பால்கனியில் ஒரு தகரப் பெட்டி தினம் தினம் செய்து தருகிறது. அது ஒரு நாள் முரண்டு பிடித்தால் கோபித்துக்கொள்ளலாமா?

சரி, நின்றுவிட்டது. என்ன செய்வது?

செல்போன் கேமராவுக்குத் தெரியும், உங்கள் கண்ணுக்குத் தெரியாது!

ஏசி ஓடவில்லை என்றதும் எல்லோருக்கும் சந்தேகம் கம்ப்ரசர் மேல்தான். பாவம் அது! முதல் விசாரணை ரிமோட்டிடம். அதன் நுனியில் இருக்கும் குட்டி பல்பு அகச்சிவப்புக் கதிரை வீசுகிறது. நம் கண்ணில் படாது. ஆனால் போன் கேமராவைத் திறந்து, ரிமோட்டை அதன் பக்கம் நீட்டி ஏதாவது ஒரு பட்டனை அழுத்திப் பாருங்கள், திரையில் ஊதா நிறத்தில் மினுக்கும்! பின்பக்கக் கேமராவில் தெரியாவிட்டால் செல்ஃபி கேமராவில் பாருங்கள்; பின்பக்கக் கேமராக்கள் பலவற்றில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி உண்டு. இரண்டிலும் மினுக்கவில்லையா? பேட்டரியை மாற்றுங்கள். சில நூறு ரூபாய் விசிட்டிங் சார்ஜ் மிச்சம்!

ரிமோட் செத்தே போனாலும் ஏசியை ஓட்டலாம் தெரியுமா? இண்டோர் யூனிட்டின் முன்மூடியைத் தூக்கினால், பெரும்பாலான மாடல்களில் வலது ஓரத்தில், ஒரு சின்னப் பொத்தான் ஒளிந்திருக்கும். பேனா முனையால் ஒரு தட்டு, ஏசி ஓடத் தொடங்கிவிடும். பல வருடமாக வீட்டில் ஏசி வைத்திருப்பவர்களுக்கே இது தெரியாது!

இன்னொன்று. "காத்து வருது, கூலிங் வரல" என்ற புகாருக்குப் பின்னால் பல வீடுகளில் இருப்பது பழுதே அல்ல. குழந்தையின் கை பட்டு ஃபேன் மோடுக்குப் போன ரிமோட்! அந்த மோடில் கம்ப்ரசர் ஓடவே ஓடாது. திரையில் பனிப்பூ அடையாளம் வரும்வரை மோடை மாற்றிவிட்டு அப்புறம் கவலைப்படுங்கள்.

ஏசிக்கு மூன்று நிமிடம் மூச்சு வாங்க வேண்டும்

கரண்ட் போய் வந்ததும் ஏசி உடனே குளிரவில்லை என்று சுவிட்சை அணைத்து, போட்டு, அணைத்து, போட்டு... தயவுசெய்து வேண்டாம்! ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரசரின் ஒரு பக்கம் அழுத்தம் எக்கச்சக்கமாக இருக்கும், மறுபக்கம் குறைவாக இருக்கும். இரண்டும் சமமாவதற்குள் மோட்டாரை மறுபடி உசுப்பினால் அது திணறும், சூடேறும், வாழ்நாள் குறையும். அதனால்தான் ஏசிக்குள்ளேயே மூன்று நிமிடத் தாமதம் வைத்திருக்கிறார்கள். ஸ்டெபிலைசர் இருந்தால் அதுவும் தன் பங்குக்குச் சில நிமிடம் எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறை நீங்கள் சுவிட்சைத் தட்டும்போதும் அந்தக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது! பத்து நிமிடம் சும்மா விட்டாலே தானாக ஓடும் ஏசிகள் எத்தனையோ.

மெயின் போர்டில் ஏசிக்கான பாதுகாப்பு சுவிட்ச், அதாவது எம்.சி.பி., விழுந்திருக்கிறதா? ஒரே ஒரு முறை தூக்கிவிடலாம். மறுபடி விழுந்தால் அங்கே ஷார்ட்டோ ஓவர்லோடோ இருக்கிறது என்று அது கத்துகிறது. டேப் ஒட்டிப் பிடித்துவைப்பது, "கொஞ்சம் பெரிய ஆம்பியர் போட்டுக்கலாம்" என்று மாற்றுவது, இரண்டுமே வீட்டைக் கொளுத்தும் வேலை. பிளக்கின் பின் கறுத்திருக்கிறதா, சாக்கெட் உருகியிருக்கிறதா என்று பாருங்கள். கருகல் நாற்றம் வந்தால் மெயினை அணைத்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு.

ஸ்டெபிலைசர் திரையில் எத்தனை வோல்ட் காட்டுகிறது? 230-ஐ ஒட்டி இருக்கவேண்டிய இடத்தில் 180-க்குக் கீழே தவழ்ந்தால் குற்றவாளி ஏசி அல்ல, தெருவின் மின்சாரம். கோடை இரவில் தெரு முழுக்க ஏசி ஓடும்போது இது நடக்கும். பக்கத்து வீட்டிலும் பல்பு மங்குகிறதா என்று ஒரு குரல் கேட்டுவிட்டு மின்வாரியத்தின் மின்னகத்தை 94987 94987 என்ற எண்ணில் கூப்பிடுங்கள். ஏசி மெக்கானிக்கை அல்ல!

38 டிகிரி வெயிலில் உங்கள் வீட்டுக்குள் பனி பெய்யும், பார்த்திருக்கிறீர்களா?

இண்டோர் மூடியைத் தூக்கினால் உள்ளே வெள்ளை வெளேரென்று ஐஸ் கட்டி நிற்கும். "அட, நல்லா கூலிங் ஆகுதே!" என்று நினைத்துவிடாதீர்கள். ஐஸ் கட்டினால் குளிர்ச்சி செத்தது என்று பொருள்.

இண்டோருக்குள் இருக்கும் குழாய்ச் சுருளின், அதாவது காயிலின் வழியாக அறைக் காற்று ஓடிக்கொண்டே இருந்தால்தான் காயில் உறைநிலைக்கு மேலே நிற்கும். ஃபில்டரில் தூசி மெத்தை கட்டிக் காற்று அடைபட்டால் காயிலுக்குச் சூடு வந்து சேராது. அதன் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். சென்னைக் காற்றின் ஈரம் அதன் மேல் உறையும். அந்த ஐஸ் மிச்சமிருக்கும் காற்றையும் மறிக்கும். அள்ளுகிற கையைக் கட்டிப்போட்டாயிற்று! செய்யவேண்டியது சுலபம்: கூலிங்கை நிறுத்துங்கள், ஃபேன் மோடில் மட்டும் ஒன்றிரண்டு மணி நேரம் ஓடவிடுங்கள், கீழே ஒரு பக்கெட்டும் பழைய துணியும். ஸ்க்ரூ டிரைவரால் ஐஸைக் குத்தி எடுக்கும் வீரர்கள் உண்டு. காயிலில் ஓட்டை போட்டுவிட்டு முழுக் காயிலுக்கும் காசு கொடுத்தவர்களும் அவர்களே. ஐஸ் உருகியதும் ஃபில்டரைக் கழற்றிக் குழாயடியில் கழுவி, நிழலில் காயவைத்து மாட்டுங்கள். கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இதைச் செய்யும் வீட்டுக்கு மெக்கானிக் அடிக்கடி வரவேண்டியதில்லை.

சுத்தமான ஃபில்டரோடும் மறுபடி ஐஸ் கட்டுகிறதா? அப்போது கேஸ் குறைந்திருக்கலாம். அந்தப் பெரிய கதைக்கு வருவோம். அதற்கு முன்னால் தண்ணீர்.

ஒன்றரை டன் ஏசி ஈரமான கடற்கரை ஊரில் மணிக்கு ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீரைக் காற்றிலிருந்து பிழிந்தெடுக்கும்! விடிவதற்குள் ஒரு பக்கெட். அது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் டியூப் வழியாக வெளியே போகவேண்டும். அந்த டியூபில் பாசி, தூசிக் குழம்பு, எறும்புக் கூடு, சமயத்தில் ஒரு பல்லி! அடைத்துக்கொண்டால் தண்ணீர் சுவரில் வழியும், கட்டிலில் சொட்டும். ஏசி கெட்டுவிட்டது என்று பதறவேண்டாம். வெளியே டியூப் முனை மடங்கியிருக்கிறதா, பக்கெட்டில் இருக்கும் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கிறதா என்று பாருங்கள். மூழ்கிய முனை ஒன்றே போதும், தண்ணீர் இறங்காமல் நிற்க! அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம், தரை துடைக்கலாம். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மட்டும் ஊற்றாதீர்கள். காயிலில் படிந்த தூசியும் உலோகத் துணுக்கும் அதில் கலந்திருக்கும்.

பகலில் மக்கர், ராத்திரியில் ஜோர்!

மதியம் இரண்டு மணிக்கு நின்றுவிடுகிறது, மாலை ஆறு மணிக்குத் தானாகவே ஓடுகிறது. பேய் பிடித்த ஏசியா? இல்லை, கொட்ட இடம் கிடைக்காத ஏசி! வெளியே இருக்கும் காயில் சூட்டைக் கொட்டவேண்டுமானால் வெளிக் காற்றைவிட அது சூடாக இருக்கவேண்டும். வெளியே 42 டிகிரி என்றால் அந்தக் காயில் 55, 60 டிகிரியில் கொதிக்கும். மேலே புறா எச்சம், பின்னால் குப்பை, எதிரே அட்டைப் பெட்டி அடுக்கி அதை மூடினால் கம்ப்ரசருக்குள் இருக்கும் பாதுகாப்பு சுவிட்ச் "ஐயா, முடியல" என்று வெட்டிவிடும். ஆறியதும் மறுபடி சேரும். அவுட்டோரைச் சுற்றியிருப்பதை அகற்றுங்கள். கரண்டை மெயினில் அணைத்துவிட்டு, ஹோஸ் தண்ணீரை மெதுவாக அதன் தகடுகளில் விட்டுத் தூசியைக் கழுவுங்கள்.

இதையும் கேளுங்கள்: பெட்டியில் அச்சடித்த அந்த ஒன்றரை டன் திறன், வெளியே 35 டிகிரி இருக்கும்போது சோதித்து எழுதிய கணக்கு! 2003 மே கடைசியில் சென்னை 45 டிகிரியைத் தொட்டதே, அந்த மாதிரி நாளில் எந்த ஏசியும் தன் பெயரளவு வேலையைச் செய்யாது. பழுதில்லாத மெஷின்கூட அன்றைக்குத் தோற்றதுபோலத்தான் தெரியும். அந்த நேரத்தில் ரிமோட்டில் 16 வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது கற்பனை. 24-இல் வையுங்கள், திரையை இழுத்துவிடுங்கள்.

"கேஸ் போயிடுச்சு சார்!": இந்த நூற்றாண்டின் மகா புளுகு

இதுதான் உங்கள் பர்ஸைக் காப்பாற்றும் பகுதி, நிதானமாகப் படியுங்கள். ஏசி கேஸ் செலவாவதே இல்லை! பைக்கில் பெட்ரோல் தீர்வது மாதிரி தீர்ந்துபோகும் சரக்கு அல்ல அது. மூடிய செம்புக் குழாய்க்குள் ஆவியாகி, திரவமாகி, மறுபடி ஆவியாகி, அதே கேஸ் வருடக்கணக்கில் சுற்றிச் சுற்றி வருகிறது. பத்து வருடம் ஆனாலும் அதே கிராம்தான் இருக்கவேண்டும். குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை. ஓட்டையை அடைக்காமல் "வருஷா வருஷம் கேஸ் டாப்-அப்" செய்பவர், அடுத்த வருடக் கட்டணத்துக்கும் இப்போதே துண்டு போட்டுவிட்டுப் போகிறார்!

நேர்மையான வேலை எப்படி இருக்கும் தெரியுமா? முதலில் ஜாயின்ட்களில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார். நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் நிற்கிறதா என்று சோதிப்பார். ஓட்டையை அடைப்பார். பிறகு வாக்குவம் பம்ப் வைத்துக் குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் உறிஞ்சி எடுப்பார். உள்ளே தங்கிய ஈரம் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி கம்ப்ரசரை அரிக்கும். கடைசியில் சிலிண்டரைத் தராசில் வைத்து, அவுட்டோர் தகட்டில் எழுதியிருக்கும் கிராம் கணக்குக்கு கேஸ் ஏற்றுவார். தராசும் இல்லை, பம்பும் இல்லை, தோளில் சிலிண்டர் மட்டும் என்றால் வாசலிலேயே டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். பழைய கேஸை ஜன்னல் வழியே "புஸ்" என்று விடுகிறவரையும் தடுங்கள். ஒரு கிலோ ஆர்-410ஏ காற்றில் கலந்தால், நூறு வருடக் கணக்கில், 2,000 கிலோவுக்கும் மேற்பட்ட கரியமில வாயு செய்யும் சூட்டை அது ஒன்றே செய்யும்!

அந்தத் தகட்டை இன்றே ஒரு போட்டோ எடுத்துவையுங்கள். ஆர்-22, ஆர்-410ஏ, ஆர்-32, ஆர்-290 என்று ஏதாவது ஒன்று எழுதியிருக்கும். ஒன்றுக்கான மெஷினில் இன்னொன்றை ஏற்றக்கூடாது; "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இதில் ஆர்-290 என்பது என்ன தெரியுமா? புரொப்பேன்! உங்கள் சமையல் சிலிண்டரிலும் கலந்திருக்கும் சமாசாரம்! அளவு சில நூறு கிராம்தான். சமையல் கேஸில் கசிவைக் காட்டிக்கொடுக்க நாற்றம் சேர்த்திருப்பார்கள், ஏசியில் ஏற்றும் புரொப்பேனில் அந்த நாற்றம் கிடையாது! ஆர்-32-ம் லேசாகத் தீப்பிடிக்கும் வகை. ஆகவே கேஸ் வேலை நடக்கும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும். சாமி விளக்கு, ஊதுபத்தி, சிகரெட் மூன்றுக்கும் விடுமுறை.

கேஸ் கசிவு ஐன்ஸ்டீனையே பிரிட்ஜ் மெக்கானிக் ஆக்கியது, நம்புவீர்களா? பெர்லினில் ஒரு குடும்பம் பிரிட்ஜிலிருந்து கசிந்த நச்சு வாயுவால் தூக்கத்திலேயே இறந்துபோன செய்தியைப் படித்து மனம் நொந்தவர், லியோ சிலார்டு என்ற இளம் விஞ்ஞானியைச் சேர்த்துக்கொண்டு 1926 முதல் அசையும் பாகமே இல்லாத, கசியவே வழியில்லாத பிரிட்ஜ்களை வடிவமைத்துக் காப்புரிமை மேல் காப்புரிமை வாங்கினார்! சந்தைக்கு அது வரவில்லை. அதற்குள் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லியின் குழு நச்சில்லாத, தீப்பிடிக்காத ஃப்ரியானைக் கண்டுபிடித்துவிட்டது. உலகமே கொண்டாடியது. கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு கழித்துத்தான் தெரிந்தது, அது வானத்தில் ஓசோனைத் தின்றுகொண்டிருக்கிறது என்று!

எறும்பு, பல்லி, உப்புக் காற்று

உங்கள் செம்புக் குழாயில் ஓட்டை போடுவது யார்? கடலோர வீடுகளில் உப்புக் காற்று அவுட்டோர் தகடுகளைப் பொடிப்பொடியாக உதிர்க்கும். சாக்கடைக் கால்வாயை ஒட்டிய வீடுகளில் ஹைட்ரஜன் சல்பைடு செம்பைக் கறுப்பாக்கும். இவற்றைவிட விசித்திரம், புதிதாக இன்டீரியர் செய்த அறை! பிளைவுட், பசை, கிளீனர் இவற்றிலிருந்து கிளம்பும் கரிம அமில ஆவி, ஈரத்தோடு சேர்ந்து செம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத வளைகளைக் குடையும். உருப்பெருக்கியில் பார்த்தால் அச்சு அசல் எறும்புப் புற்று! அதற்குப் பெயரே எறும்புப் புற்று அரிப்பு என்றுதான் விஞ்ஞானிகள் வைத்திருக்கிறார்கள்.

நிஜ எறும்பும் சளைத்ததல்ல. அமெரிக்காவின் டெக்சாஸில் ஒரு வகைப் பைத்தியக்கார எறும்பு ஏசியின் மின்தொடர்பு சுவிட்சுக்குள் நுழைகிறது. ஷாக் அடித்துச் சாகும்போது அபாய வாசனை ஒன்றை வெளியிடுகிறது. அதை முகர்ந்து காப்பாற்ற, சண்டைபோட நூற்றுக்கணக்கில் ஓடிவரும் எறும்புகளும் அங்கேயே ஷாக் அடித்துச் சாகின்றன. கடைசியில் பிணக்குவியலால் சுவிட்சே சேராமல் போய் ஏசி நிற்கிறது! நம்மூரில் அந்த வேலையைப் பல்லி தனியாளாகவே செய்துமுடிக்கும். ஏசியின் மின்னணு மூளையான பி.சி.பி. போர்டில் இரண்டு முனைக்கு நடுவே ஒரு பல்லி படுத்தால் போதும், பில் ஆயிரங்களில்.

இதைத் தொட்டால் ஏசி ஆஃப் ஆகியிருந்தாலும் ஷாக் அடிக்கும்!

அவுட்டோர் "ம்ம்ம்..." என்று முனகுகிறது, விசிறி சுற்றவில்லை. பெரும்பாலும் கெபாசிட்டர், சின்ன டப்பா, விலையும் சின்னதுதான். வீடியோ பார்த்து நாமே மாற்றிவிடலாமே என்று கை பரபரக்கும். வேண்டவே வேண்டாம்! மின்சாரத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதுதான் அதன் வேலை. மெயினை அணைத்த பிறகும் அதில் உயிர் இருக்கும். இன்வெர்ட்டர் ஏசியின் போர்டில் முந்நூறு வோல்ட்டுக்கும் மேல் சில நிமிடங்கள் பதுங்கியிருக்கும். மூடியைத் திறக்காமல் இருப்பதுதான் நீங்கள் செய்யும் உதவி.

மெக்கானிக் செய்யக்கூடாததும் ஒன்று உண்டு. லீக் பார்க்க நைட்ரஜன் கொண்டுவர மறந்து, வெல்டிங்குக்கு வைத்திருக்கும் ஆக்சிஜனைக் குழாய்க்குள் ஏற்றுவது! கம்ப்ரசர் எண்ணெயும் அழுத்தமேறிய ஆக்சிஜனும் சேர்ந்தால் வெடிக்கும். உயிர்ப்பலி வாங்கும் விஷயம் இது. சிலிண்டரில் என்ன இருக்கிறது என்று கூச்சமில்லாமல் கேளுங்கள்.

நாலாவது மாடி சன்ஷேடில் நின்றுகொண்டு, இடுப்பில் கயிறுகூட இல்லாமல் அவுட்டோரைக் கழற்றுகிறாரா அந்தத் தம்பி? பெல்ட் இல்லாமல் ஏறவிடாதீர்கள். தாமதமானால் ஆகட்டும்.

மிக்ஜாம் புயலின்போது 2023 டிசம்பரில் மூழ்கிய தரைத்தள வீடுகளை நினைத்துப் பாருங்கள். வெள்ளத்தில் நனைந்த அவுட்டோர் வெளியே காய்ந்து பளபளப்பாகத் தெரிந்தாலும் உள்ளே போர்டில் சேறும் ஈரமும் இருக்கும். ஆள் வந்து திறந்து பார்க்கும்வரை அந்த எம்.சி.பி.யைத் தொடக்கூடாது.

மெக்கானிக் நாளைக்குத்தான் வருவார். இன்றைய ராத்திரி?

மே மாதத்தில் "நாளைக்கு" என்பது மூன்று நாள். அதுவரை வாழவேண்டுமே! ஃபேன் அறையைக் குளிர்விப்பதில்லை, ஆளை மட்டும்தான். அதன் மோட்டார் அறையில் சூட்டைக் கூட்டவே செய்கிறது. ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடுவது வீண். அறைக்குள் 40 டிகிரியைத் தாண்டினால் ஃபேன் அனலைத்தான் உடம்பில் வீசும் என்று உலக சுகாதார நிறுவனமே எச்சரிக்கிறது. பகலில் வெளியே உள்ளேயைவிடச் சூடு என்றால் ஜன்னலைச் சாத்துங்கள். கடற்காற்று வீசத் தொடங்கியதும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறங்கள். இரவில் டேபிள் ஃபேனை ஜன்னலைப் பார்த்து வெளிப்பக்கமாகத் திருப்பி வையுங்கள், அறையின் வெக்கையை வெளியே தள்ளும்! மேல்மாடி வீடென்றால், பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் தளம் ராத்திரியில்தான் அதை உள்ளே கக்கும். மாலையில் மொட்டை மாடிக்குத் தண்ணீர் தெளிப்பது சும்மா சம்பிரதாயம் இல்லை.

வெட்டிவேர் தட்டி, ஈரத் துணி, ஏர்கூலர் எல்லாம் வேலூரிலும் மதுரையிலும் பகலில் ஜமாய்க்கும். சென்னையில் சொதப்பும். காற்றே ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருந்தால் தண்ணீர் எங்கே ஆவியாகும்?

கைக்குழந்தையோ வயதான தாத்தா பாட்டியோ இருந்தால் கௌரவம் பார்க்காமல் ஏசி உள்ள உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். உடம்பு அனலாகக் கொதித்து, பேச்சு குழறி, ஆளே குழம்பினால் அது வெப்பத்தாக்கு. 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வரும்வரை சும்மா நிற்காமல் உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருக்கவேண்டும். அரை மயக்கத்தில் இருப்பவர் வாயில் மோர் ஊற்றக்கூடாது.

கூகுளில் கிடைத்த நம்பர் கம்பெனி நம்பர்தானா?

கம்பெனி பெயர் போட்டு "கஸ்டமர் கேர்" என்று தேடினால் முதலில் வந்து விழும் எண்களில் போலிகளும் கலந்திருக்கும். வாரண்டி அட்டையிலோ இண்டோர் ஸ்டிக்கரிலோ இருக்கும் எண்ணை மட்டும் நம்புங்கள். கூப்பிடுவதற்கு முன் இண்டோர் திரையில் ஏதாவது எழுத்தும் எண்ணும் கண் சிமிட்டுகிறதா என்று பாருங்கள். அது மெஷின் எழுதிக்கொடுக்கும் நோய்க் குறிப்பு! கம்பெனிக்குக் கம்பெனி அர்த்தம் மாறும். கரண்டை அணைத்தால் மறைந்துவிடும், அதனால் முதலில் போட்டோ.

"பத்து வருட வாரண்டி" என்ற பெரிய எழுத்துக்குக் கீழே பொடி எழுத்து இருக்கும். பெரும்பாலும் அந்தப் பத்து வருடம் கம்ப்ரசருக்கு மட்டும். கேஸ், கூலி, வண்டி வாடகை உங்கள் தலையில். போர்டுக்கு எத்தனை வருடம் என்று தனியாகப் பாருங்கள், இன்வெர்ட்டர் ஏசிகளில் செலவு வைப்பதே அதுதான். மாற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள், பில்லில் பாகத்தின் பெயரும் உத்தரவாதமும் எழுதச் சொல்லுங்கள். இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனு போடவேண்டும்.

கடைசியாக, ரிப்பேரா புதுசா? கெபாசிட்டர், டியூப், ஃபில்டர், ஜாயின்ட் கசிவு என்றால் யோசிக்காமல் ரிப்பேர். ஆர்-22 ஓடும் பழைய மெஷினில் கம்ப்ரசரோ காயிலோ போயிருந்தால் விட்டுவிடுங்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம் ஆகிவிடும். புதியதை மாட்ட வருபவரும் குழாய் இழுத்து முடித்ததும் வாக்குவம் பம்பை எடுக்கிறாரா என்று பக்கத்திலேயே நின்று பாருங்கள். மே மாதத்தில் ஒரே நாளில் ஏழெட்டு வீடு முடிக்கும் அவசரத்தில் அவர்கள் முதலில் தாண்டிப்போவது அந்தக் கால் மணி நேரத்தைத்தான்.